கலோரிக் கணக்கு ஏன் மூன்றாவது வாரத்தில் நின்றுபோகிறது?

தண்டையார்பேட்டையில் இருக்கும் ஒரு தம்பி கேட்டது இது. வயது 34, உயரம் 170 செ.மீ., எடை 91 கிலோ. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஷிப்பிங் கம்பெனியில் உட்கார்ந்து பார்க்கும் வேலை. வீட்டில் 5 பேர், சமையல் அம்மா. போனில் ஒரு கலோரி ஆப் போட்டு, ஒரு நாளைக்கு 1,200 என்று வைத்துக்கொண்டார். 19 நாள் ஒழுங்காக எழுதினார், 3 கிலோ குறைந்தது. அப்புறம் அக்கா பையனுக்குக் காதுகுத்து. பிரியாணி சாப்பிட்டார். மறுநாள் எடை பார்த்தால் ஒன்றரை கிலோ ஏறியிருந்தது. அன்றோடு ஆப்பைத் திறக்கவில்லை. இது மூன்றாவது தடவையாம். "எனக்கு மனசுல உறுதி இல்ல போல. எண்ணுறத விடாம எப்படிச் செய்யறது?" என்கிறார்.

தம்பி, உங்கள் உறுதியில் ஒரு குறையும் இல்லை. 1,200 வைத்துக்கொண்டு 19 நாள் தாக்குப்பிடித்தீர்களே, எனக்கு அதுதான் ஆச்சரியம். ராயபுரத்தில் 20 வருஷத்துக்கு மேல் உணவு ஆலோசகராக இருக்கிறேன், குடியிருப்பது பழைய வண்ணாரப்பேட்டை. கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு என் முன்னால் தலைகுனிந்து உட்கார்ந்தவர்கள் நிறையப் பேர். அவர்களில் சோம்பேறிகள் குறைவு. தேவைக்கு மேல் எண்ணி, எண்ணியே களைத்துப் போனவர்கள்தான் அதிகம்.

முதலில் அந்த 1,200-ஐப் பார்ப்போம். 1990-இல் வந்த மிஃப்லின்–செயின்ட் ஜியோர் சூத்திரத்தைத்தான் எங்களைப் போன்றவர்கள் இன்றும் பயன்படுத்துகிறோம். எடையை 10-ஆல் பெருக்குங்கள். உயரத்தை 6.25-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். வயதை 5-ஆல் பெருக்கிக் கழியுங்கள். ஆண் என்றால் 5 கூட்ட வேண்டும், பெண் என்றால் 161 கழிக்க வேண்டும். உங்களுக்குக் கிட்டத்தட்ட 1,800 வருகிறது. நாள் முழுக்கப் படுத்தே கிடந்தாலும் இதயமும் கல்லீரலும் மூளையும் எரிக்கிற அளவு அது. எழுந்து குளித்து, மெட்ரோ படியேறி, ஆபீஸ் போய்வருகிற ஆளுக்கு 2,300 பக்கம் தேவைப்படும். 1,200 என்றால் நாளுக்கு 1,100 பள்ளம். வாரம் ஒரு கிலோ குறைய வேண்டும் என்று ஆப்பில் தட்டியிருப்பீர்கள், அது கழித்துக் கொடுத்திருக்கும். அதற்கு உங்கள் வீட்டு வாசனையெல்லாம் தெரியாது. 1,800 போதும். நாளுக்கு 500 குறைத்தால் வாரத்துக்கு அரைக் கிலோவை ஒட்டிப் போகும்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த 19 நாளும் நீங்கள் 1,200 சாப்பிட்டிருக்க மாட்டீர்கள். குறைந்த 3 கிலோவில் ஒரு கிலோவாவது தண்ணீர். மீதி இரண்டும் கொழுப்பு என்றே வைத்துக்கொண்டாலும், கிலோவுக்கு 7,700 கலோரி கணக்கில் நாளுக்கு 800 சொச்சம்தான் குறைத்திருக்கிறீர்கள். ஆக, போனது 1,500 பக்கம். நோட்டில் ஏறாத அந்த 300 எங்கே போனது?

எண்ணெயில் போனது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

சில வருஷம் முன்னால் மூலக்கொத்தளம் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். மருமகள் என்னிடம் வருகிறவர், சமையல் மாமியார் கையில். "நான் குழம்புக்கு ஒரு ஸ்பூன் எண்ணெய்தாம்மா ஊத்துறேன்" என்றார் அந்த அம்மா. "சரிம்மா, எப்பவும் ஊத்துற மாதிரியே ஊத்துங்க" என்று சொல்லி, அடுப்பில் வைக்க எடுத்த மண்சட்டியை என் சின்னத் தராசில் வைத்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். எண்ணெய்த் தூக்கை எடுத்தார், ரெண்டு சுத்து சுத்தினார், தூக்கின் வாயை விரலால் வழித்து அதையும் விட்டார். தராசு 50 கிராம் காட்டியது. எண்ணெய் கிராமுக்கு 9 கலோரி. 450 அப்போதே சட்டிக்குள் போயாயிற்று. வெங்காயம் இன்னும் விழவில்லை. அந்த அம்மா என்னைப் பார்த்தார், தராசைப் பார்த்தார். "மெஷின் சரியா இருக்கா?" என்றார். அன்று ராத்திரி என் வீட்டில் என் கையையே சோதித்தேன். பொரியலுக்கு நான் 15 கிராம் என்று எழுதிவந்தது 38 கிராமாக இருந்தது. ஊருக்கெல்லாம் கணக்குச் சொல்கிறவள் கை அது.

நம் இரண்டு வீட்டுக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை இது. எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டும் எடை இறங்கவில்லை என்று சொன்ன 10 பேரை அமெரிக்காவில் ஆராய்ந்து 1992-இல் முடிவை வெளியிட்டார்கள். ஐசோடோப் கலந்த தண்ணீரைக் குடிக்கவைத்து உடல் செலவழிப்பதை அளக்கும் முறை அது. அவர்கள் எழுதிக்கொடுத்த சாப்பாடு உண்மையில் சாப்பிட்டதைவிட சராசரியாக 47 சதவீதம் குறைவாக இருந்தது. பொய் சொல்லியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கண்ணளவு அப்படித்தான் ஏமாற்றும்.

ஆப் உங்களுக்கு உதவாமல் போனதும் இதே காரணத்தால்தான். "சாம்பார், ஒரு கப்" என்று அதில் இருப்பது யார் வீட்டுச் சாம்பாரோ. ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவு அட்டவணையில் 528 உணவுகளுக்கு அளந்த எண்கள் இருக்கின்றன. ஆனால் அதில் இருப்பது அரிசி, துவரம்பருப்பு, கத்தரிக்காய், மீன் இப்படிப் பொருள்கள். உங்கள் அம்மா வைக்கிற சங்கரா மீன் குழம்பு அதில் வராது. 5 பேருக்குப் பொதுவாக ஒரே குண்டானில் கொதித்ததை உங்கள் தட்டில் விழுந்த அளவுக்குப் பிரித்து, மூன்று வேளையும் போனில் தட்டிக்கொண்டிருப்பது கணக்குப்பிள்ளை வேலை. யாராலும் மூன்று வாரத்துக்கு மேல் முடியாது.

அதனால் என் வழி வேறு. எண்ணெயைத் தட்டில் எண்ணாதீர்கள், மாதத்தில் எண்ணுங்கள். உங்கள் வீட்டுக்கு மாதம் எவ்வளவு வருகிறது? ரேஷனில் 25 ரூபாய் பாமாயில் பாக்கெட் ஒன்று, கடையில் சன்ஃப்ளவர் நாலு என்று வைப்போம். 5 லிட்டர், 5 பேர், தலைக்கு ஒரு லிட்டர். ஒரு லிட்டர் எண்ணெய் 910 கிராம், பாக்கெட்டிலேயே போட்டிருக்கும். கிட்டத்தட்ட 8,200 கலோரி. 30-ஆல் வகுத்தால் நாளுக்கு 273. வீட்டில் அதிகம் சாப்பிடுகிறவர் நீங்கள் என்றால் 300 என்று வைத்துக்கொள்ளுங்கள். தேடிக்கொண்டிருந்த 300 கிடைத்ததா? இனி அது தினமும் மாறாத எண். தாளிப்பு, பொரியல், வறுவல் எதற்கும் தனியாகத் தட்ட வேண்டாம். அடுத்த மாதம் மூன்றரை லிட்டரில் முடிந்தால் தலைக்கு 700 மில்லி, நாளுக்கு 190. நீங்கள் ஒரு வாய் குறைக்காமலே 80 கலோரி இறங்கிவிட்டது. அம்மாவிடம் "எண்ணெயைக் குறை" என்று சொல்லிச் சண்டை போட வேண்டாம். பாக்கெட்டைப் பிரிக்கும்போது அதன் மேல் தேதியை மட்டும் எழுதிவைக்கச் சொல்லுங்கள். தேதி கண்ணில் பட்டாலே கை தானாகக் குறையும், நிறைய வீட்டில் பார்த்திருக்கிறேன்.

குழம்பில் உள்ள காய், பருப்பு, கூட்டு, மோர், ரசம் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கண்ணை மூடிக்கொண்டு 250 போடுங்கள். கீரையை எண்ணுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். ஆக 550 ஒதுக்கியாயிற்று. 1,800-இல் மிச்சம் 1,250. அதற்குள் எண்ண வேண்டியது சாதம்-இட்லி-தோசை, முட்டை-மீன்-கறி, டீ, வெளித்தீனி. இவ்வளவுதான்.

சாதத்துக்கு ஒரே ஒரு நாள் தராசு வேண்டும். சமையலறைத் தராசு சில நூறு ரூபாய். வாங்க மனமில்லை என்றால் தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சியிடம் போய் நிறுத்துக்கொள்ளலாம், கேலி செய்வார், பரவாயில்லை. உங்கள் வீட்டுச் சாதக் கரண்டியில் ஒரு கரண்டி எத்தனை கிராம் என்று பாருங்கள். வெந்த சாதம் 100 கிராமுக்கு 120-லிருந்து 130 கலோரி. கரண்டிக்கு 80 கிராம் வந்தால் 100 கலோரி, ஞாபகம் வைக்க வசதி. மதியம் மூன்று கரண்டி, 300. குக்கரில் வைத்தால் ஏறும், வடித்தால் இறங்கும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. கஞ்சியோடு கொஞ்சம் மாவு போகும், உண்மைதான். ஆனால் வடித்த சாதம் என்று தைரியமாக ஒரு கரண்டி கூடப் போட்டுக்கொண்டால் போனது எல்லாம் திரும்பி வந்துவிடும். இட்லி நடுத்தர அளவு ஒன்று 65. ஒரே அளவில் இட்லி வேண்டும் என்றால் அம்மா உணவகம் போங்கள். 2013-இல் ஆரம்பித்ததிலிருந்து ஒரு ரூபாய்க்கு ஒன்று, எண்ணிச் சாப்பிட அதைவிடச் சௌகரியமான இடம் இந்த ஊரில் இல்லை. வீட்டுத் தோசை எண்ணெய் தவிர்த்து 120 வரும். முட்டை ஒன்று 75. காசிமேட்டில் வாங்குகிற மீனை எண்ணிக் கவலைப்பட வேண்டாம், குழம்பில் போட்ட இரண்டு துண்டு 120-ஐத் தாண்டாது. புரதம் இருப்பதால் சாயந்திரம் வரை வயிறு கூப்பிடாது.

டீயைப் பற்றி ஒரு வார்த்தை. கடை டீ ஒரு கிளாஸ், பால், இரண்டு ஸ்பூன் சர்க்கரை சேர்த்து 80-லிருந்து 100. துறைமுகப் பக்கம் வேலை என்றால் ஒரு நாளைக்கு நாலு, சில நாள் ஆறு. யாராவது வந்தால் ஒன்று, யாரும் வரவில்லை என்றால் ஒன்று. நாலு டீயில் சர்க்கரையை மட்டும் பாதியாக்கினால் 80 கலோரி மிச்சம். "அண்ணே, சக்கரை கம்மியா" என்று சொல்ல ஒரு வாரம் நாக்கு கூசும், அப்புறம் கடைக்காரருக்கே பழகிவிடும். வீட்டில் ஆவின் ஆரஞ்சுக்குப் பதில் நீலம் வாங்கினால் கொழுப்பு 6 சதவீதத்திலிருந்து 3-க்கு வரும், 100 மில்லிக்கு 27 கலோரி வித்தியாசம். டீயோடு வரும் மசால் வடைதான் ஆபத்து. அதைத் தின்றதே பலருக்கு ஞாபகம் இருப்பதில்லை.

வெளித்தீனிக்கு நான் மூன்றே எண்கள் வைத்திருக்கிறேன். சின்னது 250, பெரியது 500, பிரியாணி 900. தங்கசாலைத் தெருவில் ஒரு சமோசாவோ சாட்டோ என்றால் 250. ஆபீஸ் விட்டு வரும்போது செகண்ட் லைன் பீச் தெருவில் நின்று அத்தோ சாப்பிட்டால் 500. அறுபதுகளில் பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்த சாப்பாடு அது, எனக்கும் உயிர். ஆனால் அத்தோக்காரர் கையைக் கவனித்திருக்கிறீர்களா? நூடுல்ஸைப் போட்டு, முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், பேஜோ என்கிற மொறுமொறு தட்டையை நொறுக்கியது, பொரித்த பூண்டு, அதன் மேல் பூண்டு பொரித்த எண்ணெயைக் கரண்டியோடு கவிழ்ப்பார். கையால் பிசைந்து தருவதால் எண்ணெய் கண்ணுக்கே தெரியாது. கூடக் கொடுக்கும் வாழைத்தண்டு சூப்பை எண்ண வேண்டாம், இன்னொரு கப் கேட்டும் வாங்கலாம். அத்தோவோடு முட்டை மசாலும் சேர்ந்தால் 500-ஐ 700 ஆக்குங்கள். சந்தேகம் வந்தால் மேலே ஏற்றி எழுதுவது என் பழக்கம்.

பிரியாணிக்கு 900 எப்படி வந்தது என்று கேட்பீர்கள். நம் பக்கம் பிரியாணி கிலோ கணக்கில்தானே. ஒரு கிலோ அரிசி 3,500. ஒரு கிலோ கோழி, எலும்பு கழித்து 1,200. எண்ணெய் கால் லிட்டர், நெய் 50 கிராம், இரண்டும் 2,500. வெங்காயம், தக்காளி, தயிர் 400. மொத்தம் 7,600. எட்டுப் பேர் சாப்பிட்டால் தலைக்கு 950, பத்துப் பேர் என்றால் 760. காதுகுத்து வீட்டில் எந்தப் பக்கம் போகும் என்பது பரிமாறுகிற மாமாவைப் பொறுத்தது.

இப்போது அந்தக் காதுகுத்து நாளுக்கு வருவோம், ஏனென்றால் மூன்று தடவையும் நீங்கள் விட்டது இங்கேதான். பிரியாணி, ராத்திரி மிச்சம் இருந்ததை ஒரு தட்டு, ஸ்வீட், கூல்டிரிங்ஸ் எல்லாம் சேர்த்து அன்றைக்கு 3,000 என்று வையுங்கள். உங்கள் உடம்புக்கு அன்று வேண்டியது 2,300. கூடுதல் 700. கொழுப்பாகச் சேர்ந்தால் 90 கிராம், ஏறக்குறைய இரண்டு எலுமிச்சம்பழ எடை. ஆனால் தராசு ஒன்றரை கிலோ காட்டியது. மீதி தண்ணீர். மூன்று வாரமாக அரிசியைக் குறைத்ததில் தசையிலும் கல்லீரலிலும் இருந்த கிளைகோஜன், அதாவது உடம்பு சேர்த்துவைக்கிற மாவுச்சத்து, வற்றியிருந்தது. சாப்பிட்டதும் அது நிரம்பியது. கிளைகோஜன் ஒரு கிராம் தன்னோடு 3 கிராம் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். பிரியாணியின் உப்பும் தன் பங்குக்குப் பிடித்துவைக்கும்.

நம் பகுதி பாக்ஸிங் பசங்களைக் கேட்டுப் பாருங்கள். எடைப்பிரிவுக்குள் நிற்க வேண்டும் என்று முதல் நாள் தண்ணீர் குடிக்காமல் ஓடி ஸ்கிப்பிங் போட்டு இரண்டு கிலோ இறக்குவார்கள். எடை பார்த்து முடித்ததும் சாப்பிட்டுக் குடித்து ராத்திரிக்குள் ஏற்றிவிடுவார்கள். கொழுப்பு குறைந்துவிட்டது என்று அவர்களில் ஒருவனும் சொல்ல மாட்டான். (அதை நீங்கள் செய்து பார்க்க வேண்டாம், அது உடம்புக்குக் கெடுதல்.)

அதனால் கணக்கை வாரத்துக்கு மாற்றுங்கள். 1,800 வீதம் ஏழு நாளுக்கு 12,600. விசேஷ நாள் 3,000 என்றால் மற்ற ஆறு நாளும் 1,600. கூட்டிப் பாருங்கள், அதே 12,600. பட்டினி கிடக்க வேண்டாம், ஆறு நாளைக்கு மதியம் ஒரு கரண்டி, ராத்திரி ஒரு தோசை கம்மி, அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் மாதம் ஒரு விசேஷமாவது வராமல் இருக்குமா? ஆடி மாதம் என்றால் தெருவுக்குத் தெரு கூழ். விசேஷம் வந்தால் கணக்கு உடையும் என்றால் அந்தக் கணக்கு இந்த ஊருக்கு ஆகாது.

எடை பார்ப்பதிலும் ஒரு விஷயம். ஞாயிற்றுக்கிழமை கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டுவிட்டுத் திங்கள் காலை தராசில் ஏறி அழுகிறவர்கள் எனக்கு வாரத்துக்கு இரண்டு பேர் போன் செய்வார்கள். கருவாட்டில் இருப்பது உப்பு. புதன்கிழமைக்குள் இறங்கிவிடும். வாரத்தில் மூன்று நாள், காலையில் பாத்ரூம் போய்வந்து, ஒன்றும் குடிப்பதற்கு முன் பாருங்கள். மூன்றையும் கூட்டி வகுத்துப் போன வாரத்தோடு ஒப்பிடுங்கள். நாலு வாரம் பார்த்தும் நகரவே இல்லை என்றால்தான் ஏதோ எழுதாமல் விட்டுப்போகிறது என்று அர்த்தம். முதலில் எண்ணெய்த் தேதியைப் பாருங்கள், அடுத்து டீ.

போகப்போக வேகம் குறையும், இதை முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. கிலோவுக்கு 7,700 என்ற எண் 1958-இல் மேக்ஸ் விஷ்னோஃப்ஸ்கி என்ற அமெரிக்க மருத்துவர் எழுதியதிலிருந்து பரவியது. அவர் பவுண்டுக்கு 3,500 என்றார். தோராயத்துக்குச் சரி. ஆனால் எடை இறங்கினால் உடம்பின் செலவும் இறங்கும். நீங்கள் 84-க்கு வந்தால் தேவை நாளுக்கு 90 கலோரி பக்கம் குறைந்திருக்கும். அதனால் 5 கிலோவுக்கு ஒருமுறை சூத்திரத்தைத் திரும்பப் போடுங்கள். முதலில் நாலரை கிலோவைக் குறி வையுங்கள், உங்கள் எடையில் 5 சதவீதம். அதற்கே சர்க்கரை, பிரஷர் எல்லாம் அசையும்.

சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுக்கிறவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது, சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். கர்ப்பிணிகள், பால் கொடுக்கிறவர்கள் இந்தக் கணக்குக்கே வர வேண்டாம். எண்ண ஆரம்பித்தால் சாப்பாட்டைப் பற்றிய பயம் அதிகமாகிறவர்களும் அப்படியே. அவர்களுக்கு வேறு வழிகள் உண்டு.

எழுதுவதற்கு ஆப் வேண்டும் என்றில்லை. எங்கள் வீட்டில் தினசரி காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுதுவேன். "சா 3, இ 4, டீ 3, வெ 250" என்று ஒரே வரி. இரவு படுக்கும் முன் அரை நிமிஷம். ஒரு நாள் எழுத மறந்தால் 2,300 என்று எழுதிவிட்டு அடுத்த தாளைக் கிழிப்பேன், என்ன சாப்பிட்டோம் என்று யோசித்துக்கொண்டு உட்கார மாட்டேன்.

இன்றைக்கு வேறு ஒன்றும் செய்ய வேண்டாம். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் எண்ணெய் பாக்கெட்டை எந்தத் தேதியில் பிரித்தார்கள் என்று அம்மாவிடம் கேளுங்கள். "யாருக்குடா ஞாபகம் இருக்கு" என்றுதான் சொல்வார். பரவாயில்லை, அடுத்த பாக்கெட்டிலிருந்து ஆரம்பியுங்கள்.